சுவருக்குப் போட்ட மெத்தை

லிங்கராஜபுரம், பெங்களூரு
21 ஜனவரி 2024

அன்புத் தம்பி டெரிக்குக்கு,

அக்கா பெர்னதெத் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நான் சுகம். முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் வாதாடும், காபி குடித்ததும் அடங்கிவிடும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் நின்றதா?

கிறிஸ்துமஸ் அன்று உன் மகன் கிஷோர் போனில் எல்லாவற்றையும் சொன்னான். செப்டம்பரில் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போகிறானாம். உன்னையும் கூப்பிட்டானாம், நீ மாட்டேன் என்றாயாம். கோவையிலேயே சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயாம். இதில் ஒன்றைக்கூட நீ எனக்கு எழுதவில்லை. போனில் நான் பேசுவது உனக்குக் கேட்கவில்லை என்றுதானே இரண்டு பேரும் மறுபடி கடிதத்துக்கு வந்தோம். கடிதம் எழுதக் காது எதற்கு?

இல்லத்தை நான் குறை சொல்லவில்லை. சிஸ்டர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இங்கே அப்பா கட்டிய வீட்டில் நான் ஒருத்தி, மூன்று அறைகள். மில் வேலைக்கென்று இருபத்து நாலு வயதில் போனவன், அதற்கப்புறம் விருந்தாளியாகத்தான் வந்து போகிறாய். இனிமேல் இங்கே வந்து இரு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால், "எனக்கு இடம் இருக்கா டீச்சர்" என்று அது கேட்கும்படி நான் விட்டதில்லை. மணி அடிக்கும் முன்னே பெஞ்சில் இடம் ஒதுக்கித் துடைத்து வைத்துவிடுவேன். வந்ததும் உட்காரட்டும் என்று. இப்போது வீட்டையும் அப்படிச் செய்யப்போகிறேன். போன மழையில் கூடத்துத் தளம் ஒழுகி, சுவர் பாதி உயரத்துக்கு ஊறிக் கிடக்கிறது. கிரண் என்று ஒரு கான்ட்ராக்டர், பக்கத்துத் தெருவில் நல்ல வேலை செய்திருக்கிறார். அவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

நம் ரெக்கார்டு பிளேயரும் இசைத்தட்டுகளும் அலமாரிக்குள் அப்படியே இருக்கின்றன. அதையும் பழுது பார்க்கக் கொடுக்கிறேன். நீ வந்ததும் முதலில் அம்மாவுக்குப் பிடித்த அந்தப் படகுப் பாட்டைப் போட வேண்டும்.

பதில் எழுது. செபத்தில் உன்னை நினைக்கும்,
அக்கா

*

கோவை
2 பிப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

டெரிக் வணக்கத்தோடு எழுதுவது. நானும் கிஷோர் வீட்டில் எல்லோரும் நலம். இருமல் இருக்கிறது, பழகிவிட்டது.

எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உனக்கு எழுபத்து நாலு, எனக்கு எழுபது. ஒரே வீட்டில் இரண்டு கிழங்கள் இருந்தால் யார் யாரைப் பார்ப்பது?

என் காது நிலவரத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தறிக்கூடத்தில் முப்பது வருடம் ஃபிட்டராக நின்றதற்கு மில் கொடுத்த பரிசு அது. போன மாதம் இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தார்கள். ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் பரவாயில்லை. நாலு பேர் கூடிவிட்டால் எல்லாக் குரலும் கலந்து கஞ்சியாகிவிடுகிறது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்து வைக்கிறேன். அன்றைக்குக் கிஷோர் கேட்டான், "எதுக்குப்பா சிரிச்சீங்க?" அவன் மாமியாருக்கு ஆபரேஷன் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

பழைய சாமானை எல்லாம் தள்ளிவிடு அக்கா. பாட்டெல்லாம் எனக்கு இனி எதற்கு?

ரெக்கார்டு பிளேயர் ஓடுகிறதா, சும்மா கேட்கிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.
டெரிக்

*

லிங்கராஜபுரம்
17 மார்ச் 2024

அன்புத் தம்பி,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வீடு முழுக்க சிமெண்டுப் பொடி. நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, எதிரே பிரிஸில்லா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, உயிரோடு இருக்கிறேன்.

ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். போர்வெல் காற்றைத்தான் கக்குகிறது. லாரித் தண்ணீர் வந்தால்தான் கலவை போட முடியும். லாரி என்றைக்கு வரும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாது. அதனால் இரண்டு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை.

கிரண் நல்ல மனிதர். நம் தமிழையும் அவர் கன்னடத்தையும் சேர்த்துப் பிசைந்து பேசுவார். "நோடி, பாருங்க மேடம், மேல ஒழுகலுக்கு மருந்து அடிச்சாச்சு. கீழ ஃபால்ஸ் சீலிங் போட்டுட்டா பழைய தளம் கண்ணுக்கே தெரியாது. தரைக்குப் பெரிய டைல்ஸ், கண்ணாடி மாதிரி. அம்பது வருஷத்துக்கு நீங்க கவலைப்பட வேணாம்."

"எனக்கு எழுபத்து நாலு ஆகுது, கிரண். அம்பது வருஷம் எதுக்கு?"

"அப்போ இன்னும் நல்லது மேடம், கவலையே வேணாம்."

இந்த ஆளிடம் எப்படிக் கோபப்படுவது?

எல்லாவற்றையும் உன் இருமலை வைத்துத்தான் யோசித்துச் செய்கிறேன். தூசி எங்கே தங்கும்? துணியில். அதனால் கனத்த திரைச்சீலைகள், துணி சோபா, கயிற்றுக் கம்பளம் எல்லாவற்றையும் பங்குக் கோவிலில் பழைய சாமான் விற்கும் பஜாருக்குக் கொடுத்துவிட்டேன். சுவர் நீளத்துக்கு நின்ற புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. தெருப்பக்கம் அகலமாய்ச் சறுக்கும் கண்ணாடி ஜன்னல். உட்கார மர நாற்காலிகள், ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். மூக்கை நுழைத்துத் தேடினாலும் உனக்கு ஒரு தும்மல் கிடைக்காது.

ரெக்கார்டு பிளேயரை சிவாஜி நகரில் ஒருவரிடம் கொடுத்தேன். ஊசியும் பெல்ட்டும் மாற்றினால் ஓடுமாம்.

மே மாதம் வந்து பார். பார்த்துவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
அக்கா

*

கோவை
8 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு,

ஈஸ்டர் நல்லபடி போயிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம், வெயில்தான் கொல்கிறது.

கிஷோர் டிக்கெட் போட்டுவிட்டான். மே எட்டாம் தேதி வருகிறேன், பத்து நாள் இருப்பேன். தோட்டத்தைப் பார்த்த ஓர் அறையை ஆகஸ்டு கடைசி வரைக்கும் எனக்காக வைத்திருப்பதாக இல்லத்து சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். வந்து பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான்.

ஸ்டேஷனுக்கு வராதே, உன் காலை வைத்துக்கொண்டு. நான் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

டெரிக்

*

லிங்கராஜபுரம்
22 மே 2024

அன்புத் தம்பி,

நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று கிஷோர் சொன்னான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? டாக்டர் என்ன சொன்னார்?

பத்து நாள் என்று வந்தவன் நாலாம் நாளே பையைக் கட்டினாய். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியை மறந்துவிட்டேன் என்றாய். நானும் சரி என்று இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அன்றிலிருந்து மனது அந்த நாலு நாளையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. விடைத்தாளில் பிள்ளை எந்த இடத்தில் தவறியது என்று தேடுகிற மாதிரி.

முதல் நாள் பிரிஸில்லா வீட்டார் பிரியாணி கொண்டு வந்தார்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நீ ஓரத்து நாற்காலியில் புன்னகையோடு இருந்தாய். "இன்னா அங்கிள், நம்ம பெங்களூர் எப்டிக்கீது?" என்று அவள் கேட்டதற்கு "ஆமாம் ஆமாம், சாப்பிட்டேன்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்திருக்கக் கூடாது. அதுவா?

மறுநாள் படகுப் பாட்டைப் போட்டேன். பாதியில் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டாய். அம்மா ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் துவைக்கல் பக்கம் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் பொழுது சாயும்வரை பேசினோமே, அப்போது நீ பழைய டெரிக்தான். கூடத்துக்குள் வந்ததும் மறுபடி வாயை மூடிக்கொண்டாய்.

நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? அறை பிடிக்கவில்லையா? வீட்டுக்காரி மாதிரி அதிகாரம் செய்தேனா? எதுவானாலும் எழுது. திருத்திக்கொள்கிறேன்.

அக்கா

*

கோவை
1 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதமும், அதற்கப்புறம் போட்ட இரண்டு கார்டுகளும் வந்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு சுகம்தான்.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. வீடு கோவில் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. தரையில் முகம் பார்க்கலாம். கிரணுக்கு என் பாராட்டைச் சொல்.

யோசித்துப் பார்த்ததில் இல்லமே சரி என்று படுகிறது. பூசைக்கு வெளியே போக வேண்டாம், உள்ளேயே சிற்றாலயம் இருக்கிறது. டாக்டர் வாரம் ஒருமுறை வருகிறார். கையெழுத்துப் போட ஆகஸ்டு கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

துவைக்கல் பக்கம் உட்கார்ந்து பேசிய அந்தச் சாயங்காலம் நல்ல சாயங்காலம்.

கால் வலிக்குக் கிஷோர் ஒரு தைலம் அனுப்புகிறான்.
டெரிக்

*

லிங்கராஜபுரம்
14 ஜூலை 2024

அன்புத் தம்பி,

தைலம் வந்தது, தேய்க்கிறேன், சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டை அவ்வளவு புகழ்ந்துவிட்டு, வரமாட்டேன் என்கிறாய். பிள்ளைகள் இப்படித்தான். "டீச்சர், பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு ஒன்றும் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். புரிந்த பிள்ளை சந்தேகம் கேட்கும்.

நேற்று எங்கள் பள்ளியில் புதிய அரங்கத்தை செபம் சொல்லி மந்திரித்துத் திறந்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சீக்கிரம் போய்விட்டேன். அரங்கம் காலி. தலைமை ஆசிரியை மைக்கில் பேசிப் பார்த்தார். பளபளவென்று தரை, சுற்றிலும் கண்ணாடி. அவர் பேசியதில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு சொல் வந்து சேர்வதற்குள் முந்தின சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எனக்கும் காது போய்விட்டது என்று பயந்துவிட்டேன். அப்புறம் பிள்ளைகள் வரிசையாக வந்து நிறைந்தார்கள். அதே மைக், அதே அம்மாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

இதை எத்தனை வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன், டெரிக். பந்தை சிமெண்டுத் தரையில் போட்டால் எகிறும். மணலில் போட்டால் அப்படியே உட்காரும். குரலும் அப்படித்தான். துணியும் பஞ்சும் ஆளும் இருந்தால் அடங்கும், கல்லும் கண்ணாடியும் இருந்தால் எகிறும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் நின்று கைதட்டினேன். தட்டல் நாலு சுவருக்கும் போய்ச் சாவகாசமாகத் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் இருமலுக்குப் பயந்து, உன் காதை மறந்துவிட்டிருக்கிறேன். நீதான் அதை முதல் கடிதத்திலேயே எனக்கு எழுதியிருந்தாய்.

உன்னை வெளியே அனுப்பியது என் கூடம்தானா? சுற்றி வளைக்காமல் ஒரே சொல்லில் எழுது.

அக்கா

*

கோவை
23 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

ஆம்.

ஒரு சொல் கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நீ வருத்தப்படுவாய், அதனால் மீதியும் எழுதுகிறேன்.

அந்தக் கூடத்தில் ஸ்பூன் விழுந்தால் மிஷின் வழியாக சம்மட்டி விழுகிறது. நீ பேசினால் நாலு பெர்னதெத் நாலு மூலையிலிருந்து பேசுகிறார்கள். பிரிஸில்லா குடும்பம் வந்தபோது எனக்குத் தறிக்கூடத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள் என்று குத்துமதிப்பாகப் பதில் சொன்னேன். நீ சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

பாட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மிஷின் வைத்ததிலிருந்து புதுப் பாட்டு எதுவும் எனக்குப் பாட்டாகக் கேட்பதில்லை. தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம்தான் வரும். ஏற்கெனவே மனப்பாடமாய்த் தெரிந்த பாட்டு மட்டும் கேட்கிறது. காதில் விழுவது பாதி, ஞாபகம் போட்டு நிரப்புவது பாதி. அதனால்தான் படகுப் பாட்டை நம்பி வந்தேன். உன் கூடத்தில் அதுவும் தகரமாகிவிட்டது. எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பத்துப் பதினைந்து பாட்டுத்தான், அவையும் போய்விடுமோ என்று பயந்துதான் எழுந்து போனேன்.

உன் கையால் ஒவ்வொன்றும் எனக்காகச் செய்து வைத்திருந்தாய். அதைப் பார்த்துவிட்டு எந்த வாயால் சொல்வது?

இல்லத்துச் சாப்பாட்டுக் கூடமும் டைல்ஸ்தான் அக்கா. எவர்சில்வர் தட்டு, அறுபது பேர். அங்கேயும் எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அங்கே யார் பேசுவது புரியாவிட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை. உன் எதிரே உட்கார்ந்துகொண்டு நீ பேசுவது புரியாமல் தலையாட்டுவது, அதுதான் என்னால் முடியாது.

மறுபடி செலவு எதுவும் இழுத்துவிட்டுக்கொள்ளாதே. வேண்டாம்.

டெரிக்

*

லிங்கராஜபுரம்
17 ஆகஸ்டு 2024

அன்புத் தம்பி,

மாதாவின் பெருவிழா நல்லபடி முடிந்தது. உனக்காக மெழுகுவர்த்தி வைத்தேன். உடம்பு எப்படி? என் கால் இப்போது அதிகம் வாதாடுவதில்லை. அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கிரணை வரச் சொன்னேன்.

"சீலிங்கை இறக்கணுமா? மேடம், போட்டு நாலு மாசம்கூட ஆகல. என்ன குறை? சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்ல கிரண். சத்தம் எகிறுது."

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஹலோ" என்றார். அது திரும்பி வந்து அவரிடமே ஹலோ சொன்னது. "அட ஆமா மேடம். இத்தனை வீடு போட்டேன், யாரும் இதைச் சொல்லலையே."

சீலிங் இருக்கட்டும், சுவரைக் கவனிக்கலாம் என்று முடிவானது. பஜாருக்குப் போன சோபாவும் திரைச்சீலையும் திரும்பி வராது. அதனால் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டேன். வேண்டாத இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் தாருங்கள் என்று. டெரிக், இந்த லிங்கராஜபுரத்தில் வீட்டுக்கு ஒரு பழைய மெத்தை, தூக்கிப் போடவும் மனமில்லாமல், படுக்கவும் மனமில்லாமல், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எல்லோரும் ஸ்பிரிங் மெத்தைக்குப் போய்விட்டார்கள். மூன்றே நாளில் என் வாசலில் குவிந்துவிட்டது. குப்பை வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "மேடம், ஹாஸ்டல் வெக்கறீங்களா?" என்று கேட்டார்.

பஞ்சை வெயிலில் காயப்போட்டு அடித்து, மெல்லிய பலகை மாதிரி தைக்கச் சொல்லி, மேலே கழற்றித் துவைக்கிற உறை போட்டேன். உறையைத் துவைத்துக்கொண்டே இருந்தால் தூசி தங்காது, உன் இருமலுக்கும் பயமில்லை. கிரண் சட்டம் அடித்து அவற்றைச் சுவரில் மாட்டினார். ஜன்னலுக்கு இரட்டைத் திரை. தரைக்கு ஜமக்காளம். பிரிஸில்லா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "இன்னா டீச்சர், ஊர்ல எல்லாரும் மெத்தைல படுப்பாங்கோ. நீங்க செவுத்தைப் படுக்க வெக்கிறீங்கோ."

"செவுருக்கும் வயசாகுதில்ல, படுத்துக்கட்டும்."

சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை டிக்டேஷன். பிரிஸில்லாவை இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். வேலை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, ஒவ்வொரு சுவர் முடிந்ததும் ஒருமுறை. முதல் நாள் தாளில் பாதிக்கு மேல் காலியாக விட்டிருந்தாள். நேற்றுத் தாளில் ஓரிரண்டுதான் விட்டுப் போயிருந்தது. "ஸ்கூல்ல கூட நான் இவ்ளோ மார்க் வாங்கல டீச்சர், கையெழுத்துப் போட்டுக் குடுங்க, என் வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீடு பார்க்க லட்சணமாக இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பஞ்சாலைக் கிடங்கு மாதிரி இருக்கிறது. இங்கேயே இரு என்று இந்தமுறை நான் கேட்கப்போவதில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒருதரம் வந்து டிக்டேஷன் எழுதிவிட்டுப் போ.

அக்கா

*

கோவை
23 ஆகஸ்டு 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். திங்கட்கிழமை ரயில்.

பென்சில் நான் கொண்டு வரவா, நீ தருவாயா?

டெரிக்

*

லிங்கராஜபுரம்
13 அக்டோபர் 2024

அன்பு மகன் கிஷோருக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தைகளும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள். இங்கே நானும் அத்தையும் சுகம். மழை விடாமல் பெய்கிறது, கூடம் ஒழுகவில்லை.

நீ புறப்படும் அவசரத்தில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. இல்லத்து அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சிஸ்டருக்கு எழுதினேன் என்று மட்டும்தான் சொன்னேன். ஏன் என்று நீ மெசேஜில் கேட்டிருந்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

டிக்டேஷனில் நான் நல்ல மார்க் வாங்கினேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அது டீச்சர் குரல். அந்தக் குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் கிணற்றுக்குள் இருப்பவனுக்கும் கேட்கும். காலம் முழுக்க என்னோடு அப்படிப் பேசிக்கொண்டிருக்க அவளால் முடியுமா? நான் ஊருக்குத் திரும்பி இல்லத்தில் கையெழுத்துப் போடுவது என்றே இருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

படகுப் பாட்டு நன்றாகக் கேட்டது. வயலின் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று எல்லாம் தெரிந்தது. அப்போதும் மனம் நிலைக்கவில்லை. பாட்டுக்காக மட்டும் ஒரு வீட்டில் இருக்க முடியாது அல்லவா?

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தபடி, பக்கத்தில் நின்ற பிரிஸில்லாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தங்கமான பையன்தான். ஆனா வந்த நாள்லேர்ந்து ஈரத் துண்டைக் கட்டில்லயே போடறான். சொன்னா வருத்தப்படுவான்னு நானும் மென்னு முழுங்கிட்டு இருக்கேன். கோயமுத்தூர்ல எப்படித்தான் வெச்சிருந்தாங்களோ."

பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். என்னைப் பற்றி ஒருவர் எனக்குத் தெரியாமல் பேசி, அது என் காதில் விழுந்து எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா, கிஷோர்? உங்கள் வீட்டில் என்னிடம் எல்லோரும் சத்தமாக, தெளிவாக, நல்லதை மட்டும்தான் பேசினீர்கள். உங்கள் மீது குறை இல்லை. உன் அம்மா போன பிறகு என்னைப் பற்றி யாரும் முணுமுணுத்தே நான் கேட்டதில்லை.

"கட்டில்ல இல்லக்கா," என்றேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நாற்காலி முதுகுலதான் போடறேன். அது வழுக்கிக் கட்டில்ல விழுது."

அத்தை கையில் கீரைக்கட்டோடு சமையலறை வாசற்படிக்கு வந்து என்னைப் பார்த்தாள். பின்னால் பிரிஸில்லா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, அது உனக்குக் கேட்டுச்சா?"

"கோயமுத்தூரைப் பத்திச் சொன்னதும் கேட்டுச்சு."

அவள் திட்ட ஆரம்பித்தாள். ஒட்டுக் கேட்பது என்ன பழக்கம், எழுபது வயதில் துண்டைக் காயப்போடத் தெரியாதா, கொடி எதற்கு இருக்கிறது என்று. டீச்சர் குரலில் இல்லை. சின்ன வயதில் என்னைத் திட்டுவாளே, அந்தக் குரலில், வேகமாக, மூச்சு விடாமல். ஒரு சொல்கூடத் தவறவில்லை. அன்று மத்தியானமே சிஸ்டருக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்.

என் மீதிச் சட்டைகளும் கம்பளியும் உன் கோவை வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் சொல்லி பார்சலில் அனுப்பச் சொல்.

அத்தை உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். இப்போது பிரிஸில்லா வந்துவிட்டால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறாள்.

அன்புடன்,
அப்பா